ஷிரால்கா என்ற முதல் சொல்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இதை நான் கதையாக எழுத ஆரம்பிக்கவில்லை, ஓர் அறிக்கையாகத்தான் ஆரம்பித்தேன்.

பக்கத்து வீட்டு மிர்லான் வனக் காவலன். பனியில் ஒரு குளம்படியைப் பார்த்தால் அது எந்த விலங்கு, எப்போது போனது என்று சொல்லிவிடுவான். பேனாவைக் கொடுத்தால் மட்டும் கை உதறும். நான் மாவட்டப் பத்திரிகையில் பனிப்பொழிவும் மரண அறிவிப்பும் எழுதிப் பிழைக்கிறவன். அதனால் அவனுடைய அறிக்கைகளை எல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பது. கூலி ஒரு கோப்பை தேநீர், அதுவும் என் வீட்டுத் தேநீர்.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் வந்தபோது தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. ஒரு சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு, திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றான்.

"அண்ணே, ஒரு அறிக்கை எழுதணும்."

"எழுதிட்டாப் போச்சு. உட்காரு. சாக்குல என்ன?"

"அதுதான் அறிக்கை."

பிரித்துக் காட்டினான். ஒரு பின்னந்தொடை. வீட்டு ஆட்டுக்கு அவ்வளவு பெரிய தொடை கிடையாது. என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு கொல்லைக் கொட்டகையின் சாவியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். அந்தத் தொடை இப்போது, நான் இந்த வரியை எழுதுகிற இந்த நிமிஷம், என் கொட்டகையில்தான் தொங்குகிறது. ஆகவே இந்தக் கதையை நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

2.

முதல் தொடக்கம்: "இன்று காலை வழக்கமான ரோந்தின்போது, அடையாளம் தெரியாத நபர் ஒருவர்..."

"அடையாளம் தெரியாதவரா? என் மாமனார் அண்ணே."

கிழித்துப் போட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "இன்று காலை ரோந்தின்போது, என் மாமனார் அசனாலி அவர்கள், அழிந்துவரும் விலங்குகளுக்கான நாட்டின் சிவப்புப் புத்தகத்தில் இடம்பெற்றதும் சட்டப்படி எவரும் கொல்லக்கூடாததுமான ஆர்கார் என்னும் மலைச் செம்மறிக் கிடா ஒன்றைச் சுட்டு, குதிரையில் ஏற்றி வருவதைக் கண்டேன். கண்டதும் நான்..."

"கண்டதும் நீ என்ன பண்ணினே?"

மிர்லான் தேநீரைக் குடித்தான். கோப்பை காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, 'நில்லு'ன்னு சொன்னியா?"

"இல்லண்ணே."

"துப்பாக்கியைக் கீழ வைக்கச் சொன்னியா?"

"ஷிரால்கான்னு சொன்னேன்."

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டேன்.

(அடைப்புக்குறிக்குள் கொஞ்சம். எங்கள் மலையில், வேட்டை முடிந்து வருகிறவனுக்கு எதிரே போனால் 'ஷிரால்கா' என்று சொல்லவேண்டும். சொன்னவனுக்கு வேட்டையில் ஒரு பங்கு. மாட்டேன் என்ற வேட்டைக்காரன் இதுவரை பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் அவனுக்குப் பெண் கிடைத்திருக்காது. பங்கை வாங்கியவன் பிறகு கொடுத்தவனைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேசக்கூடாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பதுதான் இதுவும், என்ன, குதிரைமேல் உட்கார்ந்துகொண்டு நினைக்கவேண்டும்.)

3.

அறிக்கையில் 'நான்' என்று எழுதும்போதெல்லாம் மிர்லானுக்கு வியர்த்தது. சரி, கதையாக எழுதிப் பார்ப்போம் என்று வேறு தாளை எடுத்தேன். கதையில் 'அவன்' என்று போட்டுக்கொள்ளலாம். 'அவன்' என்ன தப்புச் செய்தாலும் யாரும் வேலையைப் பறிக்க முடியாது.

மிர்லான் அன்று காலை நல்ல மனநிலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து. மகன் நடக்க ஆரம்பித்துவிட்டான், கால்கட்டு அறுக்கவேண்டும். கருப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிற்றைக் குழந்தையின் கணுக்கால்களில் கட்டி முற்றத்தின் நடுவில் நிறுத்துவார்கள். தெருப்பிள்ளைகள் பந்தயம் ஓடி வருவார்கள். முதலில் வருகிற பிள்ளை கத்தியை வாங்கிக் கட்டை அறுக்கும். அதற்குப் பிறகு குழந்தை ஆயுசுக்கும் தடுக்கி விழாது. அந்தக் கத்தி அம்மாவைப் பெற்ற தாத்தாவின் கத்தியாக இருக்கவேண்டும் என்பது அவன் மனைவி அய்சாதாவின் வீட்டு வழக்கம். விருந்துக்குத் தன் மேலதிகாரியையும் கூப்பிட்டிருந்தான். அவரை எந்தப் பக்கம் உட்கார வைப்பது, பெரிய மரியாதையான ஆட்டின் தலையை அவருக்கு வைப்பதா மாமனாருக்கு வைப்பதா என்று யோசித்துக்கொண்டே பள்ளத்து வளைவில் குதிரையைத் திருப்பினான்.

எதிரே ஒரு குதிரைக்காரர். பின்னால் கயிற்றில் இன்னொரு குதிரை. அதன் முதுகில் வேட்டை. காலை வெயில் மிர்லானின் கண்ணில் நேராக அடித்தது.

(இந்த வெயில் என் கைச்சரக்கு. அன்று மேகமூட்டம் என்றான் மிர்லான். ஆனால் பையனுக்கு ஒரு சாக்குப்போக்கு வேண்டாமா?)

அவனுடையது வேட்டைக்கார வம்சம். பேச்சு வந்த நாளிலிருந்து, அந்த வளைவில் வேட்டையோடு யார் வந்தாலும் அவன் வாய் ஒரே சொல்லைத்தான் சொல்லிப் பழகியிருக்கிறது. அரசாங்கம் அவன் உடம்புக்குச் சீருடை தைத்துக் கொடுத்தது, வாய்க்குத் தைத்துக் கொடுக்கவில்லை.

"ஷிரால்கா" என்றான், வாய் நிறைய.

"உனக்கில்லாததா மாப்ளே" என்றார் எதிரே வந்தவர்.

அதற்கப்புறம்தான் கொம்பைப் பார்த்தான். இரண்டு சுற்றுச் சுற்றி வந்த கொம்பு, இடது நுனி உடைந்தது. மலைமுகட்டில் கட்டி வைத்திருக்கும் கேமராவில் அந்த உடைந்த நுனியைக் கோடையெல்லாம் பார்த்திருக்கிறான். 'கிழவர்' என்று பெயரும் வைத்திருந்தான். இன்றைக்குக் கிழவர் வந்தார், கிழவர் கேமராவை முட்டினார் என்று வீட்டில் வந்து சொல்வான்.

அசனாலி குதிரையை விட்டு இறங்கி, இடுப்புக் கத்தியை உருவி, அவசரமில்லாமல் ஒரு தொடையை அறுத்தார். சாக்கில் சுற்றி மருமகனின் சேணத்தில் கட்டினார்.

"மாமா, இது ஆர்கார்."

"எனக்குக் கண்ணு தெரியுது."

"சிவப்புப் புத்தகத்துல இருக்கு மாமா."

"புத்தகத்துல இருக்கறது அங்கேயே இருக்கட்டும். இது மலையில இருந்துச்சு."

"எதுக்குச் சுட்டீங்க?"

"பேரன் விருந்துக்குப் பின்னே கோழியா அடிக்கச் சொல்றே? உன் பொண்டாட்டிக்குக் கால்கட்டு அறுத்தப்ப எங்கப்பா ஆர்கார்தான் கொண்டாந்தாரு. தெருவே தின்னுச்சு."

"அப்ப சட்டம் இல்ல."

"இருந்துச்சு. காவலுக்கு மருமகன் இல்ல."

மிர்லான் நோட்டீஸ் புத்தகத்தை எடுக்கச் சேணப்பைக்குக் கையைக் கொண்டுபோனான். கை சாக்கின்மேல் பட்டது. கறி இன்னும் சூடாக இருந்தது.

"எழுதணும்னா எழுது மாப்ளே" என்றார் அசனாலி, குதிரையில் ஏறிக்கொண்டே. "ஷிரால்கா வாங்கின அதே கையால எழுது." சொல்லிவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

4.

அசனாலி எனக்குச் சரியாக வரவில்லை. முதலில் அவரை வில்லனாக எழுதினேன். தங்கப் பல் வைத்தேன், கொம்பை வெளிநாட்டுக்காரனுக்கு விற்க வைத்தேன். படித்துக் காட்டினேன்.

"மாமாவுக்கு இருக்கற பல்லே ஆடுது அண்ணே. தங்கப் பல்லுக்கு எங்க போவாரு?"

பிறகு வறுமை வைத்தேன். கூரை ஒழுக வைத்தேன்.

"அவரு மந்தை போனா நம்ம தெருவுல தூசி அடங்க மத்தியானம் ஆகும். வறுமையாம்."

அப்புறம் யோசித்தால், அவர் நல்ல மனிதர், அதுதான் சிக்கல். ஊருக்கே வடித்துக் கொட்டுகிற கை. யாரும் இதுவரை அவரிடம் 'கூடாது' என்று சொன்னதில்லை. வில்லனைச் சமாளித்துவிடலாம், விருந்து போடுகிறவரை என்ன செய்வது?

சட்டத்தையும் எடுத்துப் படித்தேன். சட்டமும் ஒருவகையில் என் தொழில்தான். யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து, தான் பார்த்தே இராத மனிதர்கள் நாளைக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று எழுதுகிறார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, கூடு, முட்டை, கண்ணி, விஷம் எல்லாம் இருக்கின்றன. மாமனார் இல்லை. முன்னும் பின்னும் புரட்டித் தேடிவிட்டேன், அந்தச் சொல்லே இல்லை.

இதை வைத்துத் தலைநகரத்து மேசைக்காரர்களைக் கிண்டல் செய்து ஒரு பத்தி எழுதினேன். ஜோராக வந்திருந்தது. மிர்லான் முகத்தைச் சுளித்தான்.

"அதை எடுத்துடுங்கண்ணே."

"ஏன், சிரிப்பா இல்லையா?"

"எங்கப்பாவோட கடைசிக் காலத்துல மேல ஒரு ஆர்கார்கூட மிஞ்சல. சுடக்கூடாதுன்னு கெடுபிடி வந்தப்புறம்தான் அந்தப் பக்கத்துச் சரிவுலேர்ந்து ஒண்ணு ரெண்டா திரும்பி வந்துச்சு. முன்னாடி வந்தவரே கிழவர்தான். அவரு இறங்கின வழியில மத்ததெல்லாம் இறங்கும். இப்ப இந்தக் குளிருக்கு அதுங்க எங்க இறங்கும்னு எனக்குத் தெரியல."

சொல்லும்போதே அழுதுவிட்டான். ஆறடி ஆள், என் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினான். பத்தியை எடுத்துவிட்டேன்.

5.

இந்த இடத்தில் முடிவுகளைப் பரப்பி வைக்கிறேன், நீங்களும் பாருங்கள்.

ஒன்று. மிர்லான் எழுதிக் கொடுக்கிறான். அசனாலியின் மந்தை அபராதத்துக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை தாத்தா இல்லாத விருந்து. அய்சாதா பரிமாறிக்கொண்டே... இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் அடுத்த வீட்டுக்காரி, நாளைக்கு முகத்தில் முழிக்கவேண்டும்.

இன்னொன்று. மிர்லான் எழுதவில்லை. கிழவர் அண்டாவில் வேகிறார். மேலதிகாரி ஒரு துண்டை வாயில் போட்டு, "பிரமாதமான ஆடு தம்பி, எங்க வாங்கினீங்க?" என்கிறார். இது சிரிப்பான முடிவு. எழுதும்போது நானே சிரித்தேன். பிறகு கொட்டகைப் பக்கம் போனேன், சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு பத்திரிகை ஆசிரியருக்குப் பிடித்தமாதிரி ஒன்று. அசனாலி மனம் திருந்தி, துப்பாக்கியை ஆற்றில் எறிந்துவிட்டு, மரக்கன்று நட... வேண்டாம். அசனாலி இதைப் படித்தால் ஆடுகிற பல்லும் சிரிப்பில் விழுந்துவிடும்.

இப்படி நான் உருட்டிக்கொண்டிருக்கும்போதே சனிக்கிழமை வந்துவிட்டது. கதையில் வாய் திறக்காத ஒருத்தி உள்ளே வந்தாள்.

6.

அய்சாதாவுக்கு என் வீட்டுக்காரிதான் சொன்னாள். கோபித்துக்கொண்டேன். "கொட்டகையில பொணத்தோட காலை வச்சுட்டு நான் எத்தனை நாள் பால் கறக்கறது?" என்று கேட்டாள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்புயர வேலிதான். நான் விறகு அடுக்குகிற சாக்கில் நின்றேன். அசனாலி வெயிலில் உட்கார்ந்து, போர்சோக் என்னும் பொரித்த மாவு உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். அய்சாதா கால்கட்டுக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தாள். மிர்லான் ஆட்டுக்கு வைக்கோல் போட்டான். ஏற்கெனவே போட்ட வைக்கோலையே எடுத்து மறுபடி போட்டான்.

"அப்பா, நாளைக்குக் கத்தி?"

"இடுப்புலதான் இருக்கு."

"குடுங்க. கழுவி வைக்கிறேன்."

"கழுவினதுதான்."

"எது பட்டுதுன்னு கழுவினீங்க?"

அசனாலி மெல்லுவதை நிறுத்தினார்.

"இந்தக் கயித்தை எதுக்குக் கருப்பும் வெள்ளையுமா முறுக்குறோம்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாருப்பா?"

"நான்தான்."

"என்னன்னு சொன்னீங்க?"

"அடுத்தவன் கயித்தைத் தாண்டாதேன்னு. ஒருத்தன் கயிறு கட்டி வச்சது அவனோடது, அதுல கை வைக்காதேன்னு."

"கிடா யாரோடது?"

"மலையோடது. மலையைச் சுத்தி எவன் கயிறு கட்டினான்?"

"கட்டியிருக்காங்க. சட்டம்னு பேரு. உங்க மருமகன் வருஷம் பூரா பனியில அந்தக் கயித்துப் பக்கத்துலதான் நிக்கிறாரு. அதைத் தாண்டின கத்தி என் பிள்ளை கால்ல படாதுப்பா."

"விடு அய்சாதா, விருந்து முடியட்டும்" என்றான் மிர்லான்.

"நீங்க பேசாதீங்க. பங்கு கேட்ட வாய் அது."

அசனாலி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தேன். அவரோ மகள் கையிலிருந்த கயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் சின்னப்பிள்ளை முகம்போல் ஆகிவிட்டது. பாதி தின்ற போர்சோக்கைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து, வேலியைச் சுற்றி என் வீட்டுக்குள் போனார். நானும் விறகைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். கத்தியை உறையோடு என் மேசைமேல் வைத்தார்.

"எழுதுப்பா. துப்பாக்கியையும் எழுது, இதையும் எழுது. பேரன் கால்ல படாத கத்தி எனக்கு எதுக்கு?"

"பெரியவரே, மந்தையே போயிடும்."

"போகட்டும். நாளைக்கு அந்த அதிகாரி வந்ததும், கயிறு அறுக்கறதுக்கு முந்தியே அவரு கையில குடுத்துடு. அறிக்கையில மொத வரி என்னன்னா, இவன் ஷிரால்கா கேட்டான்."

பின்னாலேயே வந்து நின்ற மிர்லானுக்கு முகம் வெளுத்தது.

"அதை எழுதினா இவன் வேலை போயிடும்" என்றேன். "சுட்டவன்கிட்டயே பங்கு கேட்ட காவலன்னு ஆயிடும்."

"எழுதாட்டி? கேக்காதவனுக்கு நான் எதுக்குக் கறி குடுத்தேன்? லஞ்சம்னு ஆயிடும். வேட்டைக்காரன்னு ஜெயில்ல போடு, போறேன். லஞ்சம் குடுத்தவன்னு பேரெடுக்க மாட்டேன்."

"கறியையே விட்டுடலாமே மாமா" என்றான் மிர்லான், மெதுவாக.

"மிச்சம் என் வீட்டுல அப்படியே தொங்குது. அப்ப கிடாவுக்கு மூணு காலுன்னு எழுதுவீங்களா?"

அசனாலி வாசலில் நின்று திரும்பினார். "நீ கேட்டே, நான் குடுத்தேன். அதுல ரெண்டு பேருக்குமே தப்பில்ல மாப்ளே. மத்ததுலதான் தப்பு." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மிர்லான் அதே முக்காலியில் உட்கார்ந்தான். "நான் போயிட்டா மேல யாருண்ணே நிப்பாங்க? எனக்கு முந்தி இருந்தவனைத் தெரியுமில்ல உங்களுக்கு?"

தெரியும். எங்கள் தெருவுக்கே அவனைத் தெரியும். அவன் யாரைப் பார்த்தாலும் ஷிரால்கா கேட்பான், வாய் தவறி இல்லை.

7.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அறிக்கை முழுவதும் எழுதி முடித்தாயிற்று. சுத்தமான தாள், அடித்தல் திருத்தல் இல்லை. தாளின் உச்சியில், தனியாக, முதல் வரி:

["நான் அவரைப் பார்த்து 'ஷிரால்கா' என்றேன், அவர் வழக்கப்படி பங்கு கொடுத்தார்."]

அடைப்புக்குறி நான் இங்கே போட்டது, தாளில் இல்லை. இந்த வரியைப் பேனாவால் அடித்தால் அடித்தது தெரியும், ஏன் என்று கேட்பார்கள். கத்தரிக்கோலால் தாளின் உச்சியை நறுக்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. பத்திரிகையில் தினமும் செய்கிற வேலைதான். என்னிடம் நல்ல கத்தரிக்கோல் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அய்சாதா உள்ளே வந்தாள்.

விஷயம் இதுதான். கயிறு அறுக்க வேறு கத்தி வேண்டும். தெருவில் எல்லார் இடுப்பிலும் கத்தி இருக்கிறது. ஒருவரும் உருவவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தேநீர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். தன் கத்தி இதுவரை எதை எதை அறுத்தது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவர் எங்கள் தெருவில் இல்லை போலிருக்கிறது.

"அண்ணே, உங்க கத்தரிக்கோலைக் குடுங்க. அது காகிதத்தைத் தவிர எதையும் வெட்டினதில்லயே?"

"இல்லம்மா."

"மறைக்கறதுக்குன்னு எதையும் வெட்டல இல்ல?"

ஒரு நிமிஷம் இரு, இதோ கொண்டுவருகிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

ஜன்னல் வழியாக எல்லாம் தெரிகிறது. அண்டாவில் வீட்டு ஆடு கொதிக்கிறது. அசனாலி கத்தியில்லாத வெறும் இடுப்போடு, முதல் தடவையாகக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறார். மிர்லான் சீருடையை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறான், ஒருவேளை கடைசித் தடவையாக. அவன் என் ஜன்னலைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று முடிவு செய்துவிட்டான் என்று நினைக்கிறேன். தெருக்கோடியில் மேலதிகாரியின் வண்டி திரும்புகிறது.

நான் முடிவு எழுதப்போவதில்லை. மிர்லானுக்கு அண்ணன், அய்சாதாவுக்கும் அண்ணன், கொட்டகையில் தொடை. எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆனால் நீங்கள் இருக்கிறீர்கள். நான் மலையிலிருந்து இதைத் தூக்கிக்கொண்டு இறங்கி வரும் வழியில் எதிரே வந்தீர்கள். வாய் திறந்து கேட்டீர்களோ இல்லையோ, முதல் பக்கத்திலேயே உங்கள் பங்கை அறுத்துக் கொடுத்துவிட்டேன், நீங்களும் இதுவரை சாப்பிட்டுவிட்டீர்கள். இனிமேல் ஒன்றும் பார்க்காததுபோல் குதிரையைத் திருப்பிக்கொண்டு போவது எங்கள் ஊரில் முடியாது.

இதோ தாள். இதோ கத்தரிக்கோல். தாளையா கயிற்றையா, முதலில் எதை வெட்டுவது என்று நீங்களே பாருங்கள். கொஞ்சம் சீக்கிரம். பிள்ளைகள் பந்தயக் கோட்டில் வந்து நின்றுவிட்டார்கள், பையன் காலில் கட்டோடு முற்றத்தின் நடுவில் தள்ளாடிக்கொண்டிருக்கிறான்.